புளிக் கிடங்கில் ஐந்து நாள்

என் கையில் பாட்டில் கெடாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பென்னாகரம் ரோட்டில், இண்டூரைத் தாண்டி இருக்கும் ஒரு திசு வளர்ப்பு லேபில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். எட்டுப் பெண்கள் கண்ணாடி மேடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து செடி வெட்டுகிறோம். ஒவ்வொரு பாட்டில் மூடியிலும் வெட்டியவளின் எண் எழுதியிருக்கும். வாரக் கடைசியில் பூஞ்சை பிடித்த பாட்டில்களைப் பொறுக்கி எடுக்கும்போது என் எண் அதில் அபூர்வமாகத்தான் வரும். வந்துவிட்டால் அன்றைக்கு நான் யாரோடும் பேச மாட்டேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். டீ நேரத்தில் என்னை விட்டுத் தள்ளியே உட்காருவார்கள்.

என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மண் இல்லாமல், கண்ணாடிப் பாட்டிலுக்குள், ஆறிப்போன கஞ்சி மாதிரி உறைந்திருக்கும் சத்துக்கூழில் செடி வளர்க்கிறோம். பெரும்பாலும் வாழை. ஒரு குருத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கன்றாக்குவோம். கத்தியையும் இடுக்கியையும் ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் காட்டி எடுக்க வேண்டும். தலைக்கு உறை, வாய்க்கு மாஸ்க். கையில் வளையல் கூடாது, தலையில் பூ கூடாது. பூவோடு ஒட்டிக்கொண்டு பூஞ்சை உள்ளே வந்துவிடும். அதனால் காலையில் வேனிலிருந்து இறங்கியதும் எட்டுப் பேரும் கனகாம்பரத்தையும் மல்லியையும் எடுத்து ஒரு டிபன் டப்பாவில் போட்டு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். "பூச்செடி வளக்குற எடத்துக்குப் பூவக் கழட்டி வெச்சிட்டுப் போறவங்க நீங்க மட்டுந்தான்" என்று வேன் ஓட்டும் அண்ணன் பதினோரு வருடமாக ஒரே கேலியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்களும் புதிதாகக் கேட்பது போல் சிரித்துவைப்போம்.

பூச்செடி என்று அவர் சொன்னது ஆர்க்கிட். வாழைக்கு நடுவில் கொஞ்சம் ஆர்க்கிடும் செய்கிறோம். நான் சொல்ல வந்தது அதில் ஒரு ஆர்க்கிடைப் பற்றி.

ஓர் ஐப்பசி மாதம், வத்தல்மலையிலிருந்து ஓர் அம்மா லேபைத் தேடி வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மலையில் கொஞ்சம் காபியும் சாமையும் வைத்திருக்கிறவர். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஈரத்துணி. துணிக்குள் விரல் அளவுக்கு ஒரு பச்சைக் காய். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, நாங்கள் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

அவர் வீட்டு வாசலில் ஒரு பலா மரம் இருந்திருக்கிறது. அதன் கிளையில் ஓர் ஆர்க்கிட் ஒட்டி வளர்ந்து, அவர் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வருடா வருடம் பூத்திருக்கிறது. வெள்ளையில் ஊதாப் புள்ளி தெளித்த பூக்கள், முழ நீளத்துக்குக் கொத்தாகத் தொங்குமாம். அந்த வாரம் அடித்த காற்று மழையில் பலா வேரோடு சாய்ந்து, ஆர்க்கிட் இருந்த கிளை அடியில் போய்விட்டது. நசுங்கிய செடியை எடுத்து மாமரத்தில் கட்டிப் பார்த்திருக்கிறார். அழுகிவிட்டது. மிஞ்சியது இந்தக் காய் ஒன்றுதான். பாப்பாரப்பட்டியில் காபிக்கொட்டை வாங்குகிறவர் எங்கள் லேபைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"எங்க வூட்டுக்கு அடையாளமே அதாங்க. பூமரத்து வூடுன்னுதான் சொல்லுவாங்க. என்னையும் பூமரத்து வூட்டுக்காரின்னுதான் கூப்புடுவாங்க. இப்ப மரமும் இல்ல, பூவும் இல்ல. சாஞ்ச மரத்து வூடுங்கறாங்க. நேத்து ஒருத்தன் சொல்லியே புட்டான்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது அழுகை இல்லை, கோபம். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

லேபை நடத்துவது சேலத்துக்கார மேடம். படித்தவர், நிதானமானவர். வாழைக்கே இடம் போதாத நேரத்தில் ஒரே ஒரு காய்க்காக அலமாரியைக் கொடுப்பதா என்று யோசித்தார். "நான் பாத்துக்கறேன் மேடம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "உங்க செடிய உங்க கையில குடுப்பேன்க்கா. இது என் வாக்கு" என்றும் சொல்லிவிட்டேன். அவர் போனபிறகு மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வாக்கு குடுக்கறதுக்கு நீ என்ன சாமியா?"

"சாமிக்கு வெட்டத் தெரியாதுங்க மேடம். எனக்குத் தெரியும்."

அந்தக் காயைத் திறந்தவள் நான்தான். உள்ளே இருந்தது விதை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பவுடர் மாதிரி மஞ்சள் தூசி. மூச்சு விட்டால் பறந்துவிடும். அதைக் கூழின்மேல் தூவி மூடினோம். மூன்று மாதம் கழித்துப் பச்சைப் புள்ளி தெரிந்தது. அது கடுகு அளவு உருண்டையானது. உருண்டையிலிருந்து இலை வந்தது, பிறகு வேர். ஒவ்வொரு கட்டத்திலும் பிரித்துப் பிரித்து வைத்ததில் ஒன்றரை வருடத்தில் நாற்பத்தெட்டுப் பாட்டில் ஆகியிருந்தது. ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை. மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அந்த அக்கா சந்தைக்கு இறங்கும் நாளில் பாப்பாரப்பட்டியிலிருந்து ஃபோன் செய்வார். நான் அவர் கேட்காமலே இலை எத்தனை, வேர் எத்தனை, எது குண்டு, எது நோஞ்சான் என்று ஒப்பிப்பேன். பெற்ற பிள்ளையின் மார்க்கைச் சொல்கிற மாதிரி சொல்வேன்.

வாழைக்கு ஆர்டர் குவியும் மாதங்களில் ஆர்க்கிடைக் கவனிக்கக் கை இருக்காது. கூழில் சத்து தீர்ந்ததும் மாற்றிவைக்காவிட்டால் செடி வாடிவிடும். அதற்கு மேடம் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். லேபின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் குளிர் அறை இருந்தது. அதைப் பதினைந்து டிகிரியில் வைத்து, மங்கலாக ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, நாற்பத்தெட்டையும் அங்கே அடுக்கினோம். அந்தக் குளிரில் செடி சாகாது, வளரவும் வளராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலையை ஏழெட்டு மாதம் தள்ளிப் போடலாம். நான் தினமும் போய்ப் பார்த்தேன். இலைகள் கரும்பச்சையாகி, கட்டை குட்டையாக, அப்படியே நின்றன. குளிரைப் பற்றி இனி நான் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரத்தில் குளிர் அறையின் ஏ.சி. நின்றுபோனது. மெக்கானிக் ஐந்து நாள் ஆகும் என்றார். மேடம் மகளைக் கல்லூரியில் சேர்க்க பெங்களூரு போயிருந்தார். ஃபோனில் சொன்னேன்.

"ஒண்ணும் பயப்படாத. எடுத்து வளர்ப்பறையில வெச்சிடு. அஞ்சு நாள்ல ஒண்ணும் ஆவாது" என்றார்.

வளர்ப்பறை என்பது வாழைப் பாட்டில்கள் இருக்கும் பெரிய அறை. அங்கேயும் கரண்ட் போய்ப் போய் வந்து, சுவரில் இருந்த வெப்பமானி முப்பது டிகிரியைக் காட்டியது. பதினைந்தில் தூங்கிக்கொண்டிருந்த என் பிள்ளைகளை முப்பதில் கொண்டுபோய் வைப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேறு ஊர்க்காரிக்கு அது வந்திருக்காது.

தருமபுரிக்காரர்களுக்குக் குளிர் என்றால் புளி. மாசியிலும் பங்குனியிலும் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, பெட்டி பெட்டியாக அடைத்துக் குளிர் கிடங்கில் கொண்டுபோய் வைப்போம். வெளியில் வைத்தால் ஆடி மாதத்துக்குள் கறுத்துவிடும். கிடங்கில் வைத்தால் அடுத்த வருடம் வரைக்கும் தேன் நிறம் மாறாது. எங்கள் வீட்டில் ஐந்து மரம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து பார்க்கிறேன், போன வருடத்துப் புளி எது, இந்த வருடத்துப் புளி எது என்று என் மாமியாராலேயே சொல்ல முடியாது. குளிரில் வைத்த பொருள் வைத்தபடி இருக்கும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்கு மட்டும் எப்படி வரும்?

நாற்பத்தெட்டுப் பாட்டில்களையும் இரண்டு பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி, வேன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, எங்கள் புளி இருக்கும் கிடங்குக்கே போனேன். வாசலில் கணக்கு எழுதுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"எத்தன மூட்டைம்மா?"

"மூட்ட இல்லீங்க. பாட்டிலு."

அவர் எழுந்து வந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "உசுரோட இருக்குதேம்மா இது. உள்ள பத்து நிமிசம் நின்னா எனக்கே வெரலு மரத்துப் போவுது. இது தாங்குமா?"

"உங்களுக்குக் குளிரு பழக்கமில்ல. இது எட்டு மாசமா குளிர்ல இருக்குது. நீங்க டோக்கன் போடுங்க" என்றேன். லேபில் வேலை செய்கிறவளுக்குக் கிடங்குக்காரர் பாடம் எடுப்பதா என்று ஒரு எரிச்சல். கதவுக்குமேல் சிவப்பு எழுத்தில் நாலு டிகிரி என்று ஒளிர்ந்தது. பதினைந்தே இவ்வளவு நல்லது செய்தால் நாலு இன்னும் நல்லது செய்யும் என்று கணக்குப் போட்டேன். கடவுளே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. புளிப் பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு கிரேட்டையும் வைத்துவிட்டு, பெரிய காரியம் முடித்தவளாக வீட்டுக்குப் போனேன்.

ஐந்தாம் நாள் ஏ.சி. சரியானதும் போய் எடுத்துவந்தேன். பாட்டில்மேல் பனி மாதிரி நீர் படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் இலை பச்சையாகத்தான் இருந்தது. கொஞ்சம் நனைந்தது மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான். "பாத்தீங்களாண்ணா?" என்று வேன் அண்ணனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். நேராகக் குளிர் அறைக்குள் அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம், குளிரில் விறைத்துப்போன பிள்ளைகள், கொஞ்சம் சூடு பிடிக்கட்டும் என்று ஒரு கிரேட்டை வளர்ப்பறையில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே பிரித்து அடுக்கினேன். இன்னொரு கிரேட்டுக்கு அலமாரியில் இடம் இல்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று மேஜைக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு பழைய ஏப்ரனைப் போட்டு மூடிவிட்டேன்.

மறுநாள் வெளிச்சத்தில் இருந்த கிரேட்டில் இலைகள் வெந்த கீரை மாதிரி ஆகியிருந்தன. அடுத்த நாள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தன. மூன்றாம் நாள் வைக்கோல் நிறம். கூழ் முழுக்க டிகாக்‌ஷன் கலரில் சாயம் இறங்கியிருந்தது. சில பாட்டில்களில் பூஞ்சையும் கிளம்பிவிட்டது. குளிரில் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சுருங்கும்போது மூடி இடுக்கு வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்குமாம். கிடங்கின் புளித்தூசியும் சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. இருபத்துநாலு மூடியிலும் என் எண்.

பெங்களூரிலிருந்து மேடம் வந்தார். அலமாரியில் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஃபோன்ல என்ன சொன்னேன்?"

"வளர்ப்பறையில வெக்கச் சொன்னீங்க."

"நீ என்ன பண்ண?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது. தப்பு என் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். நீங்கள் ஊரில் இல்லை, அறை முப்பதில் கொதித்தது, நான் என்ன செய்வது என்று கத்தினேன். நான் முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அது நம்ம ஊரு வெயில்ல பொறந்த செடி. முப்பதுல ஒண்ணுமே ஆயிருக்காது. பதினஞ்சுல தூங்கும். நாலு டிகிரியில அதுக்கு உள்ள இருக்கற தண்ணிப்பையெல்லாம் ஒடஞ்சிடும். ஒடஞ்சத லைட்ல காட்டினா கருகித்தான் போவும்."

கெட்ட பாட்டில்களைக் கொதிகலனில் போட்டு அவித்து, கழுவி, மறுபடி பயன்படுத்துவது லேபின் வழக்கம். எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொன்னார். வெளிச்சத்தில் இருந்த இருபத்துநாலையும் நானே எடுத்துக்கொண்டுபோய் அவித்தேன். அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பிறகு மேஜைக்கு அடியில் தொடாமலே விட்டிருந்த இன்னொரு கிரேட்டை இழுத்தேன். அதிலும் இலைகள் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தன. ஐந்தாறில் பூஞ்சை. ஆனால் கூழ் அவ்வளவு கறுக்கவில்லை. இலையின் அடிப்பக்கம் வைக்கோலாகாமல் வெளுத்துப்போய் இருந்தது. இரண்டு கிரேட்டும் ஒரே வேனில் போய், ஒரே கிடங்கில், ஒரே ஐந்து நாள் இருந்தவை. திரும்பி வந்தபிறகு ஒன்று வெளிச்சத்தில் இருந்தது, ஒன்று இருட்டில் இருந்தது. வேறு வித்தியாசமே இல்லை.

"இத விட்டுருங்க மேடம்."

"செத்ததுதானே அதுவும்?"

"முழுசா சாகல."

"எத்தன நாளு வெச்சுக்கப் போற?"

"நான் சொல்ற வரைக்கும்."

"அது பதிலே இல்ல."

"ரெண்டு மாசம் குடுங்க. அதுக்கப்புறம் நானே அவிச்சிடறேன்."

அவர் கடைசி அலமாரியின் கீழ்த் தட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பூஞ்சை பிடித்ததை எடுத்தபிறகு பதினெட்டுப் பாட்டில் மிஞ்சியது. அவற்றைக் கீழ்த் தட்டில் வைத்து, செய்தித்தாளை நாலு மடிப்பாக மடித்துச் சுற்றிலும் மறைத்தேன். வாரத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்தேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேடம் படித்த புத்தகத்தில் இருந்திருக்கலாம். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். இரண்டு கிரேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டதுதான். இன்றைக்கு யாராவது கல்லூரிப் பிள்ளைகள் லேபைப் பார்க்க வந்தால், அந்த நாட்களில் தினமும் பார்த்ததை நான் எழுதிவைத்த நோட்டைத்தான் மேடம் எடுத்துக் காட்டுகிறார். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என் கையெழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அந்த இரண்டு மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினமும் வேலை ஆரம்பிப்பதற்குமுன் குனிந்து ஒவ்வொரு பாட்டிலாக டார்ச் அடித்துப் பார்ப்பேன். மஞ்சள் பழுப்பாகும், பழுப்பு கறுப்பாகும். இலை ஒவ்வொன்றாக மடங்கி விழும். சந்தை நாளில் ஃபோன் வரும்.

"செடி எப்புடி இருக்குதுங்க?"

"நல்லாருக்குதுக்கா."

இலை எத்தனை, வேர் எத்தனை என்று அதற்குமேல் ஒப்பிக்க மாட்டேன். வெட்ட உட்கார்ந்தாலும் நினைப்பெல்லாம் அந்தக் கீழ்த் தட்டிலேயே இருக்கும். வாழைப் பாட்டில்களிலேயே என் எண் போட்டவை மூன்று, நாலு என்று கெட ஆரம்பித்தன. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். சாய்ந்த மரத்து வீடு என்று அவர் சொன்ன அந்த முகம் நினைவுக்கு வந்ததும் ஃபோனை வைத்துவிடுவேன். உலகத்தில் அந்த இனத்துச் செடி வேறு எங்காவது இருக்கலாம். ஆனால் அவர் வீட்டுச் செடி இந்தப் பதினெட்டுப் பாட்டிலில் இருக்கிறது, அல்லது எங்கேயும் இல்லை. அதைக் கொன்றவள் நான் என்று எப்படிச் சொல்வேன்?

ஆறாவது வாரம், ஒரு பாட்டிலில், செத்து மடங்கிய இலைக்கு அடியில் ஒரு பச்சை தெரிந்தது. ஊசித் தலை அளவுதான். கூழில் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று டார்ச்சை அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்தேன். பச்சைதான். அந்தத் தண்டின் அடியில் இலை விடாமல் சின்ன உருண்டையாகவே தங்கியிருந்த ஒன்று, மேலே இருந்ததெல்லாம் செத்தபிறகு உயிர் பிடித்திருக்கிறது. வளர்ந்த இலைகளைக் கொன்ற குளிர், வளராத உருண்டையை விட்டுவிட்டது. நான் அழுதேன். மாஸ்க்குக்குள் அழுவது பெரிய தொல்லை. மூக்கு ஒழுகும், கையெல்லாம் ஸ்பிரிட், துடைக்கவும் முடியாது. பக்கத்து மேடைக்காரி பயந்துபோய் மேடத்தைக் கூட்டிவந்துவிட்டாள்.

மேடம் குனிந்து பார்த்தார். "லென்ஸ் எடுத்துட்டு வா" என்றார். பார்த்துவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் யாரையும் தொட்டுப் பேசுகிறவர் இல்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் ஒன்பது பாட்டில்களில் பச்சை வந்தது. மற்ற ஒன்பதில் வரவே இல்லை. சொன்னபடி அவற்றை அவித்துவிட்டேன். உயிர் வந்த ஒன்பதையும் நான்தான் வெட்டினேன். என் பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வெட்டு வெட்டியதில்லை. கறுத்ததில் ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் பச்சையைக் கெடுக்கும். பச்சையில் கத்தி பட்டால் எல்லாம் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடுகிலிருந்து தோலை உரிப்பது மாதிரி செத்ததைச் செதுக்கி எடுத்தேன். ஒன்பதில் ஒன்றுகூடக் கெடவில்லை. அந்த உருண்டைகள் பெருகி, மறுபடி இலை விட்டு, மறுபடி வேர் விட்டு, ஒரு வருடம் கழித்துப் பாட்டிலை விட்டு வெளியே வந்து, தேங்காய் மட்டையிலும் கரித்துண்டிலும் உட்கார்ந்தன. நிழல்வலைக்குக் கீழே வரிசையாக முப்பத்தொரு செடி. கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் மணப்பெண்ணைக் காட்டுவது மாதிரி, லேபுக்கு வருகிற ஒருவரையும் அவற்றைக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. வாழைக் கன்று வாங்க வந்த விவசாயிகள்கூடத் தப்பவில்லை.

செடியை வாங்கிப்போக அந்த அக்கா வந்த நாளில் நான் நிழல்வலைக்கு வெளியே காத்திருந்தேன். கையில் மூங்கில் தட்டோடு வந்தார். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு செடியாகக் குனிந்து இலையின் நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

"இதேதான். எல நுனியில இந்த வெட்டு இருக்கும் பாரு. எங்கூட்டுச் செடிதான்."

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. செய்யாத தப்புக்கு ஒருவர் என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்வேன். செய்த தப்பை மறைத்து ஒருவர் என்னை மெச்சினால் தாங்க மாட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். புளிக் கிடங்கு, நாலு டிகிரி, அவித்தது, இருபத்துநாலு, ஒன்பது. நல்லாருக்குது என்று வாரா வாரம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் தட்டில் செடிகளை அடுக்குவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும்" என்றார்.

"என்னக்கா தெரியும்?"

"என்னாவோ ஆயிப்போச்சுன்னு தெரியும். எப்பவும் நான் ஒண்ணு கேட்டா நீ ஒம்பது சொல்லுவ. அந்த ரெண்டு மாசமும் நல்லாருக்குதுன்னு ஒரே வார்த்த. எம் பையன் பரீச்சையில ஃபெயிலானப்ப அப்புடித்தான் பேசுனான்."

"அப்ப ஏங்க்கா என்னான்னு கேக்கல?"

"கேட்டா, போயிருச்சுன்னு சொல்லுவ. சொல்லிட்டா அதோட விட்டுருவ. சொல்லாத வரைக்கும் நீ அதுங்கூட மல்லுக்கட்டிட்டு இருக்கன்னு அர்த்தம். அதனாலதான் கேக்காம வாரா வாரம் ஃபோன மட்டும் பண்ணேன்."

அந்த இரண்டு மாதமும் நான் ஒருத்தியே அந்தச் செடியைப் பிடித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். மலைமேல் ஒருத்தர் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

முப்பத்தொன்றையும் தட்டில் அடுக்கி முடித்ததும் அவர் நிமிர்ந்தார். வாசலில் புதிதாகப் பலாக்கன்று வைத்திருப்பதாகவும், அது பெரிதாகும் வரைக்கும் பின்னால் இருக்கும் மாமரத்தில் கட்டப் போவதாகவும் சொன்னார். பூக்க இன்னும் மூன்று வருடம்கூட ஆகலாம் என்றேன். ஆகட்டும் என்றார். பிறகு லேபின் பக்கம் பார்த்தார்.

"பாட்டில்ல இன்னும் ஏதாச்சும் இருக்குதா?"

"ரெண்டு பாட்டில் வெச்சிருக்கேன்க்கா. குளிர் அறையில. பதினஞ்சுல. அதையும் எடுத்துட்டு வந்து தந்துடறேன், பக்குவம் சொல்றேன்."

"வேணாம். அது உங்கிட்டயே இருக்கட்டும். இந்த மாமரமும் ஒரு காத்துல சாஞ்சா நான் எங்க போறது?"

"இத்தனையும் சொன்னதுக்கப்புறமுமா? மறுபடி எங்கையிலயே கெட்டுட்டா?"

அவர் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டே சொன்னார்.

"கெட்டா அத எப்புடித் திருப்பிக் கொண்டாரதுன்னு தெரிஞ்சவ இந்தச் சீமையில நீ ஒருத்திதான? வேற யாருகிட்ட குடுக்கச் சொல்ற?"

தட்டைத் தலையில் ஏற்றிவிட்டேன். அவர் பஸ்ஸுக்கு நடந்தார். நான் உள்ளே போய், அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மேடத்திடம் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று இன்னொரு முறையும் சொன்னேன்.